மாமன் போட்ட கடுக்கன்

ஓசூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பத்துநாலு வருடம் வாத்தியார் வேலை பார்த்தேன். என் பெயர் எல்லப்பன் என்பது என்னிடம் படித்தவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்குமோ தெரியாது. 'பலாக்கொட்டை வாத்தியார்' என்று சொல்லிப் பாருங்கள், பேரன் எடுத்த கிழவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தப் பட்டத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் என் மாமனார் திம்மராயன்.

மாமனார் என்று சொன்னாலும் அவர் எனக்கு முதலில் தாய்மாமன். என் அம்மா வெங்கடம்மாவுக்கு நேர் தம்பி. நாகரசம்பட்டியில் பெரிய மாந்தோப்புக்காரர். ஐம்பத்துநாலாம் வருடம் வைகாசியில் அவருடைய மூத்த மகள் சம்பங்கியை எனக்குக் கட்டிக் கொடுத்தார். பெண் கொடுக்கும்போது ஒரு ஜோடி சிவப்புக்கல் கடுக்கனும் கொடுத்தார். பெண்ணை நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன், கடுக்கனைத்தான் வேண்டாம் என்றேன்.

எனக்குச் சின்ன வயதில் குத்திய காது, ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில் தூர்ந்துபோயிருந்தது. கிராப்பு வெட்டிய தலைக்குக் கடுக்கன் எதற்கு என்பது அன்றைக்கு என் கட்சி. மாமா விடுவாரா?

"தாய்மாமன் போடறதக் காதுல வாங்காதவன், எம் பொண்ணக் கையில வாங்க வேணாம்" என்று பந்தியில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் ஆசாரி வந்தார். ஊசியை மஞ்சளில் தோய்த்து இரண்டு காதையும் குத்தினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அது சம்பங்கிதான் என்று பின்னால் அவளே ஒப்புக்கொண்டாள்.

இடது காது பத்து நாளில் ஆறிவிட்டது. வலது காதும் ஆறியதுதான், ஆனால் ஆறியதோடு நிற்கவில்லை. ஆடியில் அரிக்க ஆரம்பித்தது. ஐப்பசியில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு தடிப்பு. அடுத்த வருடம் மழைக்காலத்தில், வழவழவென்று சிவந்து, ஒரு பலாக்கொட்டை என் காதில் தொங்கியது. கட்டெறும்பு வளர்ந்து கழுதையான கதை இது ஒன்றுதான் உலகத்தில் இருக்கும். கரும்பலகைப் பக்கம் நான் திரும்பினால் வலது காது பிள்ளைகள் பக்கம் வரும். அதனால் இடது காது மட்டும் தெரியும்படி திரும்பித் திரும்பி எழுதக் கற்றுக்கொண்டேன். அப்படியும் பட்டம் வந்து சேர்ந்துவிட்டது.

நோய் ஒன்றென்றால் வைத்தியம் சொல்ல ஊரே திரண்டு வரும். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போடச் சொன்னார் ஒருவர். அடுத்தவர் சேங்கொட்டைப் பால் வைத்தார், கன்னம் வரைக்கும் கொப்பளித்து ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. ஓசூரில் ஜட்கா ஓட்டிய நாராயணப்பன், தன் குதிரையின் வால் மயிரைப் பிடுங்கி, சதையின் அடியில் சுற்றி முடிச்சுப் போட்டார். தினம் ஒரு சுற்று இறுக்கினார். பதினேழாம் நாள் அது கறுத்து உதிர்ந்தது. அம்மா குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தாள். அந்தப் பொங்கல் செரிப்பதற்குள் அடுத்த தடிப்பு ஆரம்பித்தது.

பிறகு கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டர் கத்தி வைத்து வெட்டித் தைத்து அனுப்பினார். தையல் பிரித்த அன்று மாமா என்னைப் பார்க்க நாகரசம்பட்டியிலிருந்து வந்தார். காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"ஓட்டை மூடிப் போயிடும் போல இருக்குதே. அப்பறம் கடுக்கன எங்கடா மாட்டறது?"

சொன்னதோடு நிற்காமல் வாசல் வேப்பமரத்தில் ஒரு ஈர்க்கு ஒடித்து, சீவி, எண்ணெயில் தோய்த்து, பச்சைப் புண்ணாக இருந்த ஓட்டைக்குள் செருகிவிட்டார். தினம் ஒரு தரம் திருகிவிடச் சொன்னார். காது குத்திய பெண் குழந்தைகளுக்கு எங்கள் பக்கத்தில் செய்கிற வழக்கம் அது. எங்களுக்கு அதில் தவறு தெரியவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்துகிற நானே தினம் கண்ணாடி முன்னால் நின்று திருகினேன். நாலு மாதத்தில் காதின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு பலாக்கொட்டைகள். அந்தக் காது மட்டும் கனத்துத் தொங்கியது. இரவில் அரிப்புத் தாங்காமல் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

பெங்களூருக்குப் போகச் சொன்னவர் ஃபக்ருதீன் பாய். மாமாவின் தோப்பைக் குத்தகைக்கு எடுத்து பெங்களூர் மண்டிக்கு மாங்காய் ஏற்றுகிறவர். போகவர ஓசூரில் லாரியை நிறுத்தினால் என்னைப் பார்க்காமல் போக மாட்டார்.

"எம் பொண்ணு சுக்ராவுக்கு அடுப்புத் தீ பட்டுக் கழுத்துல இதே மாதிரிதான் வந்துச்சு வாத்தியாரே. சும்மா வெட்டுனா வேலைக்கு ஆவாது. வெட்டிப்போட்டு ஒரு வெளிச்சம் வெக்கிறாங்க. இப்ப அவ கழுத்துல கோடுதான் இருக்குது."

ஐம்பத்தாறாம் வருடம் கோடை விடுமுறையில் போவது என்று முடிவானது. துணைக்கு ஒரு ஆள் வேண்டும். வெளிச்சம் வைத்தால் மயக்கம் வருமாம், ஊரில் யாரோ கிளப்பிவிட்டார்கள். அம்மா வருவதாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு பஸ் வாசனை பட்டாலே குடல் வெளியே வந்துவிடும். அண்ணனுக்கு உழவு. கடைசியில் வேறு வழியில்லாமல் அம்மா சொன்னாள்: "சம்பங்கிய இட்டுக்கினு போ."

அந்த வார்த்தையின் அருமை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. எங்கள் வீட்டில் அப்போது பதினான்கு பேர். பகலில் புருஷனும் பெண்டாட்டியும் நின்று நாலு வார்த்தை பேசினால் வீடு கெட்டுவிடும் என்று நம்பினார்கள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில், 'சோறு போடட்டா', 'போதும்' என்பதைத் தாண்டி நானும் அவளும் வெளிச்சத்தில் பேசியதில்லை. அவளுக்குச் சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும் என்பது எனக்கு அத்திப்பள்ளியைத் தாண்டும்போதுதான் தெரிந்தது.

அத்திப்பள்ளியில் மைசூர் ராஜ்ஜியத்துச் சோதனைச் சாவடி. பஸ்ஸை நிறுத்தி மூட்டைகளைக் குத்திப் பார்ப்பார்கள். சம்பங்கி ஜன்னல் வழியாகப் பேரிக்காய் வாங்கி, முந்தானையில் துடைத்து, முதல் கடி தான் கடித்துப் பார்த்துவிட்டு எனக்குக் கொடுத்தாள். புளிப்பா இனிப்பா என்று பார்த்தாளாம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. காதில் இரண்டு பலாக்கொட்டை தொங்குவது கொஞ்ச நேரம் மறந்தே போயிற்று.

பெங்களூர் டாக்டர் வயதானவர், கன்னடத்தில்தான் பேசினார். எங்களுக்குக் கன்னடம் என்ன, தெலுங்கு என்ன, எல்லாம் வீட்டுப் பாஷைதான். காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதற்குக் கீலாய்டு என்று பெயர் சொன்னார். புண் ஆறும்போது போதும் என்று நிற்கத் தெரியாத சதை. வெட்டுகிற காயமும் ஒரு காயம்தானே, அதன் மேலும் வளரும், அதனால்தான் போனமுறை திரும்பி வந்தது என்றார். தொந்தரவு இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். வெறுமனே வெட்டினால் மறுபடி வளர நிறைய வாய்ப்பு. வெட்டித் தைத்து, மறுநாளிலிருந்து சின்ன அளவாக ஆறு தடவை எக்ஸ்ரே வெளிச்சம் வைத்தால் அடங்கக்கூடும். 'கூடும்' என்றுதான் சொன்னார், சத்தியம் செய்யவில்லை. ஏதோ புது ஊசி ஒன்று வெளிநாட்டில் போட்டுப் பார்க்கிறார்களாம், இங்கே இன்னும் வரவில்லை. ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். ஓட்டையை மூடித்தான் தைப்பார். இனி ஜென்மத்துக்கும் எந்தக் காதிலும் எதுவும் குத்தக் கூடாது. இடது காதுக் கடுக்கனையும் அங்கேயே கழற்றச் சொன்னார்.

பிறகு குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். இது சில குடும்பங்களில் தொடர்ந்து வருமாம்.

"யாருக்கும் இல்லைங்க" என்றேன் நான்.

சம்பங்கி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது அத்திப்பள்ளி வரைக்கும் வாய் திறக்கவில்லை. கத்தியை நினைத்துப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

காட்டுவதற்கு ஒரு நாள், வெட்டுவதற்கு ஒரு நாள், வெளிச்சத்துக்கு ஆறு நாள். மொத்தம் எட்டுப் பயணம். தலையெல்லாம் ஈயத் தகடு போட்டு மூடி, காதுக்கு மட்டும் ஒரு ஓட்டை விட்டு, அசையாமல் படுக்கச் சொல்வார்கள். இயந்திரம் தேனீ மாதிரி முரலும். வலி கிடையாது, சூடு கிடையாது, இதற்கா இத்தனை தூரம் வந்தோம் என்று தோன்றும். அதற்குள் முடிந்துவிடும். சம்பங்கி வெளியே கட்டடத்தைத் தாண்டி ஒரு மரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். நான் வரும்போது எழுந்து நின்று, காதைப் பார்க்காமல் முதலில் முகத்தைப் பார்ப்பாள்.

மீதி நாள் முழுக்க எங்களுடையது. ஹோட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து மசால் தோசை சாப்பிட்டோம். தட்டில் இருக்கிற தோசையை எந்தப் பக்கத்திலிருந்து பிய்ப்பது என்று தெரியாமல் அவள் விழித்தாள், நான் சிரித்தேன், கோபித்துக்கொண்டு இரண்டாவது தோசை கேட்டாள். சிட்டி மார்க்கெட்டில் பூக்குவியலைப் பார்த்துவிட்டு, நம்ம ஊர் செத்த வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் சேர்த்து வாங்கினால்கூட இத்தனை ஆகாது என்றாள். தோப்பைப் பற்றிப் பேசினாள், தங்கை ராஜாத்தியைப் பற்றிப் பேசினாள், எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசினாள். வீட்டுக்குள் நுழையும்போது மறுபடி தலை குனிந்துகொள்வாள். எல்லோரும் தேன்நிலவு என்கிறார்களே, எங்களுடையது எக்ஸ்ரே ஆஸ்பத்திரியில் நடந்தது. அதைப் போல நிறைவான நாட்கள் அதன் பின்னால் எனக்கு வாய்க்கவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஆறாவது வெளிச்சம் முடிந்த அன்று எனக்கு அழுகை வந்தது.

அவளும் அன்று சரியாக இல்லை. திரும்பும் பஸ்ஸில் கூட்டம் குறைந்த பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"டாக்டரு கேட்டாரு இல்ல, குடும்பத்துல யாருக்காச்சும் இருக்குதான்னு. அப்பாவுக்கு இருக்குது."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"நெஞ்சுல. நண்டு ஒட்டிக்கினு இருக்கற மாதிரி இருக்கும். நான் பொறக்கறதுக்கு முன்னாடி, காய் பறிக்கையில காம்புப் பால் தெறிச்சு வெந்து போச்சாம், அதுல வளந்தது. அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ராஜாத்திக்கே தெரியாது. பெருநோய்னு ஊரு பேசிச்சுன்னா எங்க ஊட்டுல எவன் பொண்ணு எடுப்பான்? யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு அப்பா தலையில கைய வெச்சு சத்தியம் பண்ணேன். எட்டு வயசுல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெயில் மண்டையைப் பிளக்கும் சித்திரையிலும் மாமா கழுத்து வரைக்கும் சட்டைப் பொத்தான் போட்டிருப்பார். தோப்புக்காரர்கள் எல்லோரும் கோவணத்தோடு கிணற்றில் குதிக்கும்போது அவர் மட்டும் கரையில் உட்கார்ந்து கால் நனைப்பார். பணக்காரத் திமிர் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

"நீங்களும் சத்தியம் பண்ணுங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அவருகிட்ட சுத்தமா மூச்சு விடக் கூடாது" என்றாள்.

பஸ்ஸிலேயே அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

காது அடங்கிவிட்டது. மாதம் போகப் போக ஒரு கோடு மட்டும் இருந்தது. ஐப்பசி வந்தது. தீபாவளிக்கு நாகரசம்பட்டி போனோம். தங்கை ராஜாத்தியைப் பெண் கேட்டு மத்தூரிலிருந்து வந்தவர்கள் அன்று கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சம்பங்கி அவர்கள் தட்டில் கச்சாயப் பலகாரம் வைத்துக்கொண்டிருந்தாள். மாமா என்னைப் பார்த்ததும் எழுந்தார். மேலும் கீழும் பார்க்கவில்லை, நேரே காதைத்தான் பார்த்தார்.

"காதுல என்னாடா?"

"ஒண்ணும் இல்லீங்க மாமா."

"அதத்தான் கேக்கறேன். ஏன் ஒண்ணும் இல்ல?"

டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். இனிக் குத்தினால் மறுபடி வளரும் என்றேன்.

"பெங்களூர் டாக்டரா உனக்குப் பொண்ணு குடுத்தான்? எங்கப்பன் சாவறப்ப கழட்டிக் குடுத்த கல்லுடா அது. அக்கா மவனுக்குப் போடுன்னு சொல்லிட்டுச் செத்தாரு. நானே போட்டுக்காம உனக்குப் போட்டேன். கழட்டித் தூக்கி எறிஞ்சிட்டு வந்து நிக்கற."

"எறியலீங்க. பொட்டியில இருக்குது. சதை வளருதே, என்னா பண்றது?"

"ஊருல இருக்கற எவனுக்கும் வளராதது உனக்கு மட்டும் எப்பிடிடா வளருது?"

என் கோபம் ஊரறிந்தது. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரையே எதிர்த்துப் பேசியவன் நான். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு வார்த்தையில் பதில் இருந்தது, அது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மாமாவின் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் தட்டோடு நின்ற சம்பங்கியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கூடத்தில் மத்தூர்க்காரர்கள் வாய் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எச்சிலோடு சேர்த்து அந்த வார்த்தையையும் விழுங்கினேன்.

என் மௌனத்தை அவர் திமிர் என்று எடுத்துக்கொண்டார். "மறுபடி கடுக்கனோட வர்ற அன்னிக்கி வா. அதுவரைக்கும் இந்த வாசப்படி உனக்கு இல்ல. உம் பொண்டாட்டிக்கும் இல்ல" என்றார். இலை போட்டும் உட்காராமல் நாங்கள் திரும்பிவிட்டோம்.

தை மாதம் ராஜாத்திக்குக் கல்யாணம் நடந்தது. அம்மாவுக்கு மட்டும் பாக்கு வைத்து அழைத்தார்கள், எங்கள் இருவருக்கும் இல்லை. "அவன் புடிச்ச மொயலுக்கு மூணு காலு. என் மவன் போவாத எடத்துக்கு நான் எதுக்கு?" என்று அம்மாவும் போகவில்லை. சம்பங்கி அப்போது மூன்று மாதம். தங்கை கல்யாணத்தன்று காலையிலேயே குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, நாள் முழுக்க மாட்டுக் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதம் அப்பன் வீட்டார் வந்து வளையல் போட்டு அழைத்துப் போவார்கள். தலைச்சன் பிள்ளையை அம்மா வீட்டில்தான் பெறுவது. வைகாசி நெருங்கியும் நாகரசம்பட்டியிலிருந்து காக்கைகூட வரவில்லை. வாசலில் மாட்டு வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் செய்துகொண்டிருக்கும் வேலை நின்றுவிடும், வண்டி கடந்து போனதும் மறுபடி கை அசையும். இரண்டு வாரம் அதைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. என் ஒரு காதுக்காக இவள் தாய் வீடு இல்லாதவளாக ஆக வேண்டுமா? வளர்ந்தால் வளர்ந்துவிட்டுப் போகட்டும், பலாக்கொட்டை வாத்தியார் என்ற பட்டம்தான் ஏற்கெனவே இருக்கிறதே என்று முடிவு செய்தேன்.

பெட்டியைத் திறந்து கடுக்கனை எடுத்து மடியில் முடிந்துகொண்டேன். சம்பங்கியிடம் மாமாவைப் பார்த்துவிட்டு வருவதாக மட்டும் சொன்னேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சத்தியம் ஞாபகம் இருக்கட்டுங்க" என்றாள்.

மண்டியில் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஃபக்ருதீன் பாய் லாரியில் ஏறி நாகரசம்பட்டி போய்ச் சேர்ந்தேன். தோப்பில் கிளிமூக்கு மாங்காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் கோடியில் இருந்தார்கள். மாமா மட்டும் கிணற்று மேட்டில் மரநிழலில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சட்டைக்கு மேலேயே உள்ளங்கையால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். அந்தத் தேய்ப்பு எனக்குத் தெரியும். இரண்டு வருடம் நானும் காதை அப்படித்தான் தேய்த்தேன். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த கோபம் அந்த இடத்திலேயே என்னை விட்டுப் போய்விட்டது.

முடிச்சை அவிழ்த்துக் கடுக்கனை அவர் முன்னால் வைத்தேன்.

"ஆசாரியக் கூப்புடுங்க மாமா. உங்க கண்ணு முன்னால குத்தட்டும். சம்பங்கிக்கு ஏழாம் மாசம். வந்து கூட்டிக்கினு போங்க."

அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்தில் உட்காரச் சொன்னார். தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பி, வலது காதைக் கட்டைவிரலால் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"மறுக்கா வளரவே இல்லியா?"

"இல்லீங்க. ஒரு வருஷம் ஆவுது."

"அரிக்குதா?"

"இல்லீங்க."

"ராத்திரியில கூடவா?"

"நல்லாத் தூங்கறேன் மாமா."

மாமா தோப்புக் கோடியில் இருந்த ஆட்களைப் பார்த்தார். யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பிறகு கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். அடுத்ததைக் கழற்றினார். மூன்றாவது பொத்தான் கழல மறுத்தது, நான்தான் கழற்றிவிட்டேன்.

உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. சிவந்து, இறுகி, நாலு பக்கமும் கால் பரப்பிக்கொண்டு இருந்தது. அப்படி ஒன்றைச் சுமந்துகொண்டு ஒரு மனிதர் இத்தனை வருடம் சட்டைக்குள் வெந்திருக்கிறார்.

"முப்பது வருஷமாச்சுடா. ஒரு ராத்திரி முழுசாத் தூங்கனது இல்ல. மாம்பாலு குடுத்த சாபம்னு நெனச்சிருந்தேன். உன் காதப் பாத்தப்பவே நம்ம ரத்தம்தான் போலன்னு தோணுச்சு. தோணுனத ஒத்துக்க மனசு வரல. ஒத்துக்கினா உன் காதக் கெடுத்தவன் நான்னு ஆவுதே" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இதுக்கும் வெப்பாங்களாடா, அந்த வெளிச்சம்?"

"கேட்டுப் பாக்கலாம் மாமா. நான் கூட்டிக்கினு போறேன்."

கடுக்கனை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பொத்தானைப் போட்டுக்கொண்டே என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"பாத்துட்டு நீ பதறவே இல்லியே. சம்பங்கி சொன்னாளா?"

"இல்லீங்க மாமா. இப்பத்தான் பாக்கறேன்."

"அவளுக்குத் தெரியும். எட்டு வயசுல என் தலை மேல கைய வெச்சுச் சத்தியம் பண்ணுச்சு அந்தப் புள்ள. கட்டுன புருசனுக்கே அந்தக் கதி வந்தப்பக்கூட வாயத் தொறக்கல பாரு." அவர் கண் நிறைந்துவிட்டது. "அப்பேர்ப்பட்ட பொண்ண நான் வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா வளையலும் பூவும் பலகாரமுமாக வண்டி கட்டிக்கொண்டு, வழியில் ஒரு ராத்திரி தங்கி, எங்கள் வாசலில் வந்து இறங்கினார். சடங்கு முடிந்து வண்டியில் ஏறுவதற்கு முன், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், சம்பங்கி என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். வெளிச்சத்தில், வீட்டில் அத்தனை பேர் இருக்கும்போது, அவளாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. முழங்கை வரைக்கும் வளையல். முகம் மட்டும் தெளியவில்லை.

"உங்ககூட பெங்களூரு வரப் போறேன்னு அப்பா எங்கிட்ட சொன்னாரு. நான் சொன்னதாலதான் உங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சா?"

"தெரியாது. அவராத்தான் சட்டையக் கழட்டிக் காட்டுனாரு."

"நான் சத்தியத்த மீறிட்டேன்னு அவரு நெனக்கலியே?"

"அதப் பத்திப் பேச்சே வரல" என்றேன்.

மகளின் வாக்கை அவர் எவ்வளவு பெரிதாக நினைத்துக் கண் கலங்கினார் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளால் அந்த வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்க முடியாது. அவள் அங்கேயே சுவரில் சாய்ந்து, வளையல் குலுங்க, தங்கை கல்யாணத்துக்கு அழாததையும் சேர்த்து அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு போய் வண்டியில் ஏறி, அப்பாவின் தோளில் தலை வைத்துக்கொண்டாள். மாமா ஒரு கையால் மாட்டை ஓட்டினார், மறு கையால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.